ஆப்பில் 20 கி.மீ., மாடியில் 8 கி.மீ.: காற்று முன்னறிவிப்பை எப்படி வாசிப்பது?

நாணல் | ஜூன் 2, மாலை 6:10

வானிலை ஆப் இன்று பிற்பகலுக்குக் காற்று மணிக்கு 20 கி.மீ. என்றது. மாடியில் பொருத்திய கிண்ணக் காற்றுமானி சராசரியாக 8 காட்டியது. ஆனால் நடுவில் ஒருமுறை 27 வரை போய் வந்தது. திசையும் ஒத்துப்போகவில்லை. ஆப்பில் மேற்கு, கருவியில் தென்மேற்கு, சில நேரம் தெற்கு. இந்த முன்னறிவிப்புகள் உள்ளூருக்குப் பயன்படாது என்பதே என் முடிவு. யாராவது மறுக்க முடியுமா?

திசைமானி | ஜூன் 2, இரவு 8:45

மறுக்கலாம். நீங்கள் கொடுத்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவே செய்கின்றன.

முன்னறிவிப்பில் வரும் வேகம், திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. உலக வானிலை அமைப்பு வகுத்த அளவு அது. நேரக் கணக்கு 10 நிமிடச் சராசரி. 'திறந்தவெளி' என்றால் சுற்றிலும் உள்ள தடை எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு தள்ளி இருக்க வேண்டும். 8 மீட்டர் மரம் என்றால் 80 மீட்டர். வீட்டு மாடி எதுவும் இதில் தேறாது.

வீடும் மரமும் நெருக்கமான பகுதியில், கூரைமட்டத்தை ஒட்டிய இடத்தில், திறந்தவெளிக் காற்றின் பாதி கிடைப்பது சாதாரணம். பக்கத்தில் உயரமான கட்டடம் இருந்தால் அதற்கும் கீழே போகும். 20 என்பது 8 ஆனதற்கு அது போதும்.

27 என்பது வேறு கணக்கு. அது வீச்சு, ஆப்பில் 'கஸ்ட்' என்று இருக்கும். வானிலை அறிக்கையில் "மணிக்கு 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும்" என்று வரும் அல்லவா, அந்த 'இடையிடையே'தான். 3 விநாடிச் சராசரிகளில் மிகப் பெரியதை எடுப்பார்கள். மறைவான இடத்தில் சராசரி வேகம் செத்துப்போகும், வீச்சு அவ்வளவாகச் சாகாது. மேலே வேகமாகப் போகும் காற்று சுழல்களாக இடைவெளிகளுக்குள் இறங்கிவிடும். அதனால் உங்கள் மாடியில் வீச்சு சராசரியைப் போல மூன்று மடங்கு. திறந்த தரையில் அது பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கு அருகில்தான் இருக்கும், கடல்மேல் இன்னும் குறைவு.

ஆப்பில் அதே மணிநேரத்துக்கு வீச்சு எவ்வளவு போட்டிருந்தது என்று பாருங்கள்.

நாணல் | ஜூன் 2, இரவு 9:20

31.

திசைமானி | ஜூன் 2, இரவு 9:32

31-க்கு 27. மாடிக்கு இது நல்ல முன்னறிவிப்பு.

பாய்மரம் | ஜூன் 3, காலை 6:50

ஒன்று சேர்க்கிறேன். எந்தச் சராசரி என்பதை ஒவ்வொரு இடத்திலும் பார்க்க வேண்டும். அமெரிக்க நிலையங்கள் 2 நிமிடச் சராசரி தருகின்றன. புயல் அறிக்கைகளில் அமெரிக்கர்கள் 1 நிமிடம், இந்திய வானிலை ஆய்வு மையம் 3 நிமிடம், மற்ற பல நாடுகள் 10 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண்கள் வரும், மூன்றும் சரியாகவே இருக்கும். 1 நிமிட எண்ணை 10 நிமிடத்துக்கு மாற்ற நெடுங்காலமாக 0.88-ஆல் பெருக்கி வந்தார்கள். கடல்மேல் 0.93 பொருத்தம் என்பது பின்னர் வந்த பரிந்துரை.

அலகும் அப்படித்தான். 1 நாட் (கடலிலும் விமான நிலையத்திலும் பயன்படும் வேக அலகு) என்றால் மணிக்கு 1.852 கி.மீ. விநாடிக்கு 1 மீட்டர் என்றால் மணிக்கு 3.6 கி.மீ. ஆப்பில் '10' என்று மட்டும் இருந்தால் அது 10 கி.மீ.யா, 18.5 கி.மீ.யா, 36 கி.மீ.யா என்று அமைப்புகளில் பார்த்துவிட்டுத்தான் படகை இறக்க வேண்டும்.

திசைமானி | ஜூன் 3, மதியம் 1:15

அலகைவிட முக்கியமானது விசை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 2-க்கு 3 மீட்டர் தார்ப்பாயை நிமிர்த்திக் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வடிவக் கெழுவை (பொருளின் வடிவத்துக்கு ஏற்ப விசையைக் கூட்டிக் குறைக்கும் எண்) 1 என்று கொள்வோம்.

20 கி.மீ.யில் சுமார் 114 நியூட்டன், கிட்டத்தட்ட 12 கிலோ எடைக்குச் சமம்.
40 கி.மீ.யில் சுமார் 454 நியூட்டன், 46 கிலோ.
60 கி.மீ.யில் 1,020 நியூட்டன், 104 கிலோ.

கயிறு சராசரியில் அறுவதில்லை, வீச்சில்தான் அறும். அதனால் கட்டுவது, தூக்கிப் பிடிப்பது, ஏணி, கிரேன், பந்தல், டிரோன் எதுவானாலும் வீச்சு எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சராசரி பயன்படும் இடங்கள் வேறு: ஆவியாதல், காற்றோட்டம், அலை எழும்புவது, நீண்ட நேரச் சுமை.

காற்றாலையின் ஆற்றல் வேகத்தின் கனத்தில், அதாவது மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு. அதனால்தான் காற்றாலைக்காரர்களுக்கு 5 சதவீதப் பிழைகூடப் பெரிய தலைவலி.

நான்கிறகு | ஜூன் 3, இரவு 10:05

டிரோன் பறக்கவிடுபவர்களுக்கு இதை எதிர்ப்பக்கமாகச் சொல்ல வேண்டும். தரையில் நின்று கன்னத்தில் பட்ட காற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதி என்று ஒன்று உண்டு: மேலே உள்ள வேகம் வேண்டுமானால், உயரங்களின் விகிதத்தை 1/7 அடுக்குக்கு உயர்த்திக் கீழே உள்ள வேகத்தால் பெருக்க வேண்டும். 10 மீட்டரில் 20 கி.மீ. என்றால் 60 மீட்டரில் சுமார் 26, 120 மீட்டரில் சுமார் 28 முதல் 29. திரும்பி வரும்போது எதிர்க்காற்று என்றால் பேட்டரி பாதி வழியில் தீரும். போகும்போது எதிர்க்காற்றில் போய், வரும்போது காற்றோடு வருவதே பாதுகாப்பு.

திசைமானி | ஜூன் 4, காலை 7:30

இந்த 1/7 விதியை மாலை 4 மணிக்குப் பயன்படுத்தலாம், இரவு 10 மணிக்குக் கூடாது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்னறிவிப்பைத் திட்டுபவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பகலில் தரை சூடாகி, காற்று மேலும் கீழும் கலக்கிறது. மேலே உள்ள வேகம் தரை வரை இறங்கி வரும். உயர வித்தியாசம் குறைவு, வீச்சு அதிகம். சூரியன் சாய்ந்ததும் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று கனமாகி அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதோடு தொடர்பு அறுந்துவிடும். அந்த நேரத்தில் தரையில் இலை அசையாது. 200, 300 மீட்டர் உயரத்தில் தரையின் உராய்வுப் பிடி விட்டுப்போன காற்று பகலைவிட வேகமாக ஓடும். அந்த இரவில் 10 மீட்டர் எண்ணிலிருந்து 100 மீட்டர் எண்ணை 1/7 விதியால் கணக்கிட்டால் உண்மை வேகத்தில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம்.

காலையில் வெயில் ஏறி, அடியில் தங்கிய குளிர்ந்த அடுக்கு உடைந்ததும் கதை மாறும். பெரும்பாலும் 9 முதல் 11 மணிக்குள், அரைமணி நேரத்தில் காற்று 'எங்கிருந்தோ' வரும். அது எங்கிருந்தும் வரவில்லை, இரவு முழுக்கத் தலைக்கு மேலே இருந்ததுதான் இறங்குகிறது. மாடல் (முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி நிரல்) இந்த உடையும் நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி பிசகும். வேகத்தில் அவ்வளவு பிசகாது. ஆகவே காலை 8 மணி எண் தவறு என்று மூடிவிடாமல் 10 மணிக்கு மறுபடி ஒப்பிடுங்கள்.

நான்கிறகுக்கு: பல ஆப்கள் 80, 100, 120 மீட்டர் காற்றை மாடலிலிருந்தே தனியாகத் தருகின்றன. அது இருக்கும்போது விதியை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

வரப்பு | ஜூன் 4, இரவு 7:55

மருந்து தெளிப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் சிக்கல். 'காற்றே இல்லை, தெளிக்கலாம்' என்று விடியலில் ஆரம்பிப்பார்கள். அந்த அசையாத நேரத்தில் நுண்துளிகள் கீழே விழாமல் குளிர்ந்த அடுக்குக்குள் மிதந்து, பக்கத்து வயல் வரை மெல்ல நகர்ந்துபோகும். புகை மேலே ஏறாமல் கிடையாகப் பரவினால் தெளிக்காதீர்கள். நிலையான மெல்லிய காற்று, மணிக்கு 3 முதல் 15 கி.மீ. வரை, திசை மாறாமல் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் வேறு வகையில் அடித்துக்கொண்டு போகும்.

10 மீட்டர் முன்னறிவிப்பை 2 மீட்டருக்கு மாற்ற 0.75-ஆல் பெருக்குவோம். பாசனக் கணக்கில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தரும் சூத்திரம் அந்த எண்ணைத்தான் கொடுக்கிறது.

திசைமானி | ஜூன் 4, இரவு 8:40

அந்த 0.75 குட்டைப் புல் பரப்புக்கு மட்டும். கரும்பு, சோளம், தென்னை நடுவே அது செல்லாது. பயிர் உயரமாக ஆக ஆக, காற்றுக்கு 'தரை' என்பதே மேலே ஏறிவிடும்.

நாணல் | ஜூன் 5, காலை 8:15

வேகம் புரிந்தது. திசை?

திசைமானி | ஜூன் 5, இரவு 9:10

திசையில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலில் குறியீடு. காற்றின் திசை என்பது அது எங்கிருந்து வருகிறது என்பது. 270 டிகிரி என்றால் மேற்கிலிருந்து. ஆனால் பல ஆப்களில் அம்பு காற்று போகும் பக்கம் காட்டும். எழுத்தில் 'மேற்கு', அம்பு கிழக்கு நோக்கி. இரண்டும் ஒன்றுதான். வானிலை வரைபடத்தில் வரும் கொடிக்குச்சி வேறு: குச்சி காற்று வரும் பக்கம் நீண்டிருக்கும், பாதிக் கோடு 5 நாட், முழுக் கோடு 10, முக்கோணம் 50.

அடுத்து பொருத்துவது. உங்கள் திசைமானியை (காற்றின் திசை காட்டும் கருவியை) எந்த வடக்குக்கு நேராக வைத்தீர்கள்? போன் திசைகாட்டி காந்த வடக்கு (காந்த முள் காட்டும் பக்கம்) காட்டலாம், முன்னறிவிப்பு உண்மை வடக்கு (வட துருவம் இருக்கும் பக்கம்). சில இடங்களில் வித்தியாசம் ஒரு டிகிரி, சில இடங்களில் இருபதைத் தாண்டும். இரும்புக் குழாய், தண்ணீர்த் தொட்டிச் சட்டம் பக்கத்தில் இருந்தால் போன் காட்டுவது எதற்கும் உதவாது. நம்பகமான வழி: செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் மாடியிலிருந்து தெரியும் தொலைதூரக் கோபுரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வரைபடத்தில் அதன் கோணத்தை அளங்கள், திசைமானியின் முனையைக் கையால் அதை நோக்கிப் பிடித்து, அந்தக் கோணம் வரும்வரை அடிப்பாகத்தைத் திருப்பி இறுக்குங்கள்.

மூன்றாவது சராசரி. 350, 10 என்ற இரண்டு அளவுகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 180 வரும். வடக்குக் காற்று தெற்காகிவிட்டது! ஒவ்வோர் அளவின் சைன், கொசைன் இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்து, பிறகு கோணமாக்க வேண்டும். சொந்தமாக நிரல் எழுதும் பலர் இதில் விழுகிறார்கள். உங்கள் பதிவில் வடக்குக் காற்று நாளில் மட்டும் திசை தாறுமாறாக இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டாவது சந்தேகம், பொட்டென்ஷியோமீட்டர் (சுழற்றினால் மாறும் மின்தடை) வகைத் திசைமானியில் வட்டம் முடிந்து தொடங்கும் இடத்தில் உள்ள சிறு வெற்றிடம்.

மணிக்கு 5 கி.மீ.க்குக் கீழே திசைக்கு அர்த்தமே இல்லை. விமான நிலைய அறிக்கையிலேயே 3 நாட் வேகத்துக்குக் கீழ் திசை 60 டிகிரிக்கு மேல் அலைந்தால் 'மாறும்' என்று போட்டுவிடுவார்கள்.

பாய்மரம் | ஜூன் 6, காலை 6:20

வீச்சு வரும்போது திசையும் மாறும், அதையும் சொல்லுங்கள். வடகோளத்தில் வீச்சு பெரும்பாலும் சராசரிக் காற்றைவிடக் கடிகாரச் சுற்றில் கொஞ்சம் திரும்பி வரும், தென்கோளத்தில் எதிர்ச்சுற்றில். பாய் இழுக்கிறவனுக்கு அந்தப் பத்து டிகிரி பெரிய விஷயம்.

திசைமானி | ஜூன் 6, மதியம் 12:40

காரணம் உராய்வு. மேலே காற்று சம அழுத்தக் கோடுகளை (ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) ஒட்டிப் போகும். தரையில் உராய்வால் வேகம் குறைந்து, தாழ்வழுத்தம் இருக்கும் பக்கம் சாயும். கடலில் இந்தச் சாய்வு 10 முதல் 20 டிகிரி, கரடான தரையில் 30 அல்லது அதற்கு மேல். வீச்சு என்பது மேலிருந்து இறங்கும் துண்டு, அதனால் மேல்திசையின் சாயலோடு வருகிறது. நாணலின் மாடியில் மேற்கு தென்மேற்கானதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். தெற்கு வரை போனது கட்டட மூலையின் வேலை.

நாணல் | ஜூன் 6, இரவு 10:30

வேறொரு சந்தேகம். பக்கத்து விமான நிலைய அறிக்கையில் பல நாள் வீச்சே இல்லை. மாடியில் இருக்கிறது.

திசைமானி | ஜூன் 6, இரவு 10:52

வீச்சு சராசரியைவிட 10 நாட் அல்லது அதற்கு மேல் கூடினால்தான் அங்கே எழுதுவார்கள். 12 நாட் சராசரியில் 20 நாட் வீச்சு இருந்தாலும் அறிக்கையில் வராது. எழுதவில்லை என்பதால் வீச்சே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

திசைமானி | ஜூன் 8, காலை 7:05

எந்த மாடல் என்ற கேள்வி தனிச்செய்தியில் வந்தது, இங்கேயே எழுதுகிறேன். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல் உலகைச் சுமார் 13 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, பொதுவெளிக்கு வருவது பெரும்பாலும் கால் டிகிரிக் கட்டம், ஏறத்தாழ 28 கி.மீ. ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாடல் 2016 முதல் 9 கி.மீ. ஜெர்மனியின் ஐகான் உலக மாடல் 13 கி.மீ. கட்டம் 9 கி.மீ. என்றால் உங்கள் பள்ளத்தாக்கோ ஏரியோ அதற்குத் தெரியாது.

கடற்கரையில் இது மோசமாகத் தெரியும். கட்டத்தில் பாதிக்கு மேல் கடல் என்றால் மாடல் அதை வழவழப்பான பரப்பாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிச் சொல்லும். ஆப்பில் புள்ளியை இரண்டு கி.மீ. உள்ளே நகர்த்தினாலே எண் திடீரென்று குறைந்தால், நீங்கள் கடல் கட்டத்திலிருந்து நிலக் கட்டத்துக்குத் தாண்டிவிட்டீர்கள். கரையில் இருப்பவர்கள் இரண்டையும் பார்த்து, காற்று கடலிலிருந்து வரும் நேரத்தில் கடல் கட்டத்தையும், நிலத்திலிருந்து வரும் நேரத்தில் நிலக் கட்டத்தையும் எடுங்கள். கடற்காற்று நாளில், நிலத்திலிருந்து கடல் நோக்கிப் பெருங்காற்று வீசினால் கடற்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அந்த நேரத்தைத்தான் இவ்வளவு பெரிய கட்டம் கோட்டை விடுகிறது.

இன்னொன்று. ஐரோப்பிய மாடலில் வீச்சு என்பது முந்தைய இடைவெளி முழுவதிலும் வந்த உச்சம், சராசரி வேகமோ அந்த நொடிக்கானது. மூன்று மணி இடைவெளியில் தரும் ஆப்பில் பிற்பகல் 3 மணி வீச்சு, 12 மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அடித்ததாக இருக்கலாம். 3 மணிக்குக் கருவியைப் பார்த்து 'வரவில்லையே' என்று கேட்பது சரியான ஒப்பீடு ஆகாது.

நான்கிறகு | ஜூன் 8, மாலை 5:45

இடிமழை வீச்சை இதில் எது சொல்லும்?

திசைமானி | ஜூன் 8, இரவு 9:00

உலக மாடல் எதுவும் இடத்தையும் நேரத்தையும் சொல்லாது. இடிமேகத்துக்குள் மழை விழும்போது, வறண்ட காற்றில் துளிகள் ஆவியாகிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுகிறது. தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவுகிறது. அதன் முன்விளிம்பு மழைக்குப் பல கி.மீ. முன்னால் ஓடும். 10 கி.மீ. காற்று ஒரு நிமிடத்தில் 60 ஆகும், திசை எதிராகத் திரும்பும், வெப்பம் சட்டென்று விழும். முன்னறிவிப்பில் காற்று 12, வீச்சு 25, பக்கத்தில் இடிமழைக் குறி என்றால், அந்த 25-ஐ நம்பக் கூடாது. அந்த நாளில் ரேடார் படத்தையும் வானத்தையும் பாருங்கள். தாழ்வான, நீண்ட, கருத்த மேக விளிம்பு நெருங்கினால் டிரோனை இறக்குங்கள், தார்ப்பாயை அவிழுங்கள். இடி கேட்டபின் கம்பத்தில் ஏறிக் கருவியைச் சரிபார்க்க வேண்டாம்.

நாணல் | ஜூன் 11, இரவு 8:00

நேற்று கருவி 140 கி.மீ. வீச்சு காட்டியது. மரத்தில் கிளை அசைந்தது, அவ்வளவுதான்.

திசைமானி | ஜூன் 11, இரவு 8:35

கிளை மட்டும் அசைந்தால் பியூஃபோர்ட் அளவில் (காற்றின் வலுவைப் படிகளாகச் சொல்லும் அளவு) 4 அல்லது 5, 20 முதல் 38 கி.மீ.க்குள். பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிக்க முடியாமல் போனால் 6. முழு மரமும் ஆடினால் 7. சிறு கிளைகள் ஒடிந்தால் 8, அதாவது 34 நாட், 62 கி.மீ.யிலிருந்து. கருவியை நம்பாத நேரத்தில் மரம் நல்ல சாட்சி.

140 வந்தது ரீட் ஸ்விட்ச் (கிண்ணத்தோடு சுற்றும் காந்தம் கடக்கும்போது மூடும் சிறு சுவிட்ச்) துள்ளலால். ஒருமுறை மூடும்போது இரண்டு மூன்று துடிப்பாக எண்ணுகிறது. விநாடிக்கு ஒரு துடிப்பு 2.4 கி.மீ. என்ற வகைக் கருவியில் 100 கி.மீ.க்குச் சுமார் 42 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே 24 மில்லிவிநாடி. ஆகவே 5 முதல் 10 மில்லிவிநாடிக்குள் வரும் அடுத்த துடிப்பைப் புறக்கணிக்கச் சொல்லி நிரலில் எழுதுங்கள். 20-க்கு மேல் வைத்தால் உண்மையான வன்காற்றையே வெட்டிவிடும். கம்பியில் ஈரம், தளர்ந்த இணைப்பு இருந்தாலும் இதேபோல் முள் போன்ற உச்சங்கள் வரும்.

எதிர்ப்பிழையும் உண்டு. தாங்கியில் தூசி ஏறினால் மெல்லிய காற்றில் கிண்ணம் சுற்றாது. பூஜ்யங்கள் கூடிக்கொண்டே போனால் கழற்றித் துடையுங்கள். கம்பத்தை மாடி விளிம்பில் நடாமல் நடுவில், முடிந்த உயரத்தில் நடுங்கள். விளிம்பில் காற்று எகிறிச் சாய்வாக வரும், எண்ணும் கூடும்.

திசைமானி | ஜூன் 12, காலை 6:45

கடைசியாக நாணல் செய்ய வேண்டியது. எட்டுத் திசைக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். முன்னறிவிப்புக் காற்று 10 கி.மீ.க்கு மேல் இருக்கும் பகல் மணிகளை மட்டும் எடுத்து, திசைவாரியாக இரண்டு விகிதங்களைக் குறியுங்கள்: கருவிச் சராசரி வகுத்தல் முன்னறிவிப்புச் சராசரி, கருவி உச்சம் வகுத்தல் முன்னறிவிப்பு வீச்சு. ஒவ்வொரு திசைக்கும் இருபது முப்பது மணியாவது சேர்ந்த பிறகு வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள், சராசரி வேண்டாம். ஒரு இடிமழை நாள் சராசரியைக் கெடுத்துவிடும். இரவுக்கு வேண்டுமானால் தனிப் பட்டியல்.

நாணல் | ஜூன் 29, மாலை 6:30

மேற்குக்கு மட்டும் போதிய மணிகள் சேர்ந்தன. சராசரி 0.42, வீச்சு 0.9. தெற்குக்குக் குறைவான மணிகள்தான், 0.7 போல் வருகிறது. அந்தப் பக்கம் வீடு இல்லை. வடக்குக்கு ஒன்றுமே இல்லை.

திசைமானி | ஜூன் 29, இரவு 7:20

வடக்கு, பருவம் மாறும்போது வரும், அதுவரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், மேற்கின் எண்ணை அங்கே போடாதீர்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் மரங்களை வெட்டினாலோ புதிய மாடி எழும்பினாலோ அந்தத் திசைக்கு மட்டும் மறுபடி முதலிலிருந்து.